கேட் டூட்டி

— அந்தக் கவரை மொதல்ல எடுங்க காக்கா. கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்துல அத வைக்காதீய.

— ஏளா தஸ்லிமா, கூடப்பொறந்த தங்கச்சி வீட்டுக்கு நோம்பு மாசத்துல வெறுங்கையோடயா வர முடியும்? வச்சுக்கோ.

— நீங்க தாரதுன்னா மேல எதுக்குப் பள்ளிக்கூட டிரஸ்ட் முத்திரை? கீழ எதுக்கு ஜகாத்துன்னு எழுதியிருக்கு?

— எந்தப் பையில இருந்து வந்தா என்ன? பைசா பைசாதானே.

— இல்ல. ஜகாத்து இல்லாதவனுக்குக் குடுக்கது. நான் கேக்கது ஹக்கு, எங்க உரிமை. எம்மவ அஸீலா காலு உங்க பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு அடியில நசுங்கிப் போச்சு. அதுக்கு நஷ்டஈடு குடுன்னு பாளையங்கோட்டை கோர்ட்டுல கேசு கெடக்கு. தாளாளருன்னு நாற்காலியில இருக்கது நீங்க. கோர்ட்டுல பதில் சொல்ல வேண்டிய ஆளு, எங்களை ஜமாத்துல கையேந்துத வரிசையில நிறுத்தப் பாக்கீயளா?

— பைய பேசு. தெருவுல கேக்கும்.

— கேக்கட்டும். களக்காடு பூரா கேக்கட்டும்.

— நோம்பு வாயோட இவ்வளவு கோவம் ஆகாது.

— நோம்பு வாயோடதான் கேக்கேன். வயித்துல ஒண்ணும் இல்லாதப்பம் வார கோவம் பொய்யா இருக்காது.

— சரி, எடுத்துட்டேன். பாத்துக்கோ, பையில வச்சுட்டேன். இப்பமாவது உக்காருவியா? நான் சண்டை பிடிக்க வரல. ஒரு காரியத்தை முடிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன். மருமவ எங்க?

— உள்ள இருக்கா. காலேஜு லீவு.

— அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுட்டுல்லா? இனிமே கேசு அவ பேருலதான் நடக்குமாம், எங்க வக்கீல் சொன்னாரு. உன் கையெழுத்து செல்லாது, அவ வாப்பா அலி அஸ்கர் மச்சான் கையெழுத்தும் செல்லாது. அவ போட்டாத்தான் உண்டு. சமாதானமாப் போறோம்னு ஒரு வரி எழுதி, கீழ ஒரு கையெழுத்து...

— ஓ! அஞ்சு வருசமா இந்த வாசப்படி மிதிக்காத மனுசனுக்கு, அவளுக்குப் பதினெட்டு ஆனதும் மருமவ ஞாபகம் வந்துட்டோ?

— உங்க வன்னியராஜ் வக்கீல் அடுத்த வாய்தாவுக்கு அவளச் சாட்சிக் கூண்டுல ஏத்தப் போறாராமே. நெசமா?

— நெசம்தான். அவ காலு, அவ சொல்லட்டும்.

— கொமரிப் புள்ளைய அத்தனை ஆம்பளைங்க மத்தியில நிறுத்தி, கண்டவனும் கேள்வி கேக்கதா? நம்ம குடும்பத்துக்கு அது ஆகுமா? அதைத் தடுக்கத்தான் ஓடி வந்தேன்.

— என்னைய நிறுத்துனப்பம் இந்தக் கவலை எங்க போச்சு? உங்க வக்கீல் என்னைய நிக்க வச்சு என்ன கேட்டாருன்னு தெரியுமா தெரியாதா?

— நான் அன்னைக்குக் கோர்ட்டுக்கு வரல.

— அப்பம் சொல்லுதேன் கேளுங்க. ‘உங்களுக்கு எத்தனை வயசுல கல்யாணம்?’னாரு. பதினெட்டுன்னேன். ‘எது வரைக்கும் படிச்சீங்க?’ பத்தாப்புன்னேன். ‘உங்க குடும்பத்துல வேலைக்குப் போற பொம்பளைங்க எத்தனை பேரு?’ ஒருத்தரும் இல்லைன்னேன். பொய்யா சொல்ல முடியும்? உடனே ஜட்ஜம்மா பக்கம் திரும்புதாரு. ‘பாருங்க, இந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க சம்பாதிக்கப் போறதில்ல. கால் இருந்திருந்தாலும் இந்தப் பொண்ணு வீட்டுலதான் இருந்திருக்கும். அப்புறம் எங்க வருமான இழப்பு? எதுக்கு அம்பது லட்சம்?’ங்காரு. கூண்டுக் கம்பியப் புடிச்சுட்டு நின்னேன் காக்கா.

— அது வக்கீல் பேச்சு. தொகையக் குறைக்கணும்னா அவரு நாலும் பேசத்தான் செய்வாரு.

— அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் பத்தாப்போட நின்னது திருநெல்வேலியில இருக்க வக்கீலுக்கு எப்படித் தெரியும்? பத்தாப்புல நான்தான் மொதல் மார்க்கு. மேல படிக்கேன்னு அழுது பொரண்டேன். ‘பொம்பளப் புள்ளைக்கு இது போதும்’னு வாப்பாகிட்ட சொல்லி நிறுத்துனது யாரு?

— அது அந்தக் காலம் ஏளா.

— என்னையப் படிக்க விடாம நிறுத்துனதும் நீங்க. நிறுத்துனதையே ஆதாரமாக்கி எம்மவ காலுக்கு விலை குறைக்கதும் நீங்க. போன வருசம் ரியாதுக்குப் போயி மேடை போட்டு என்ன பேசுனீய? அங்கன வேலை பாக்குத அஸீலா வாப்பா வீடியோ எடுத்து அனுப்புனாவ. ‘நம்ம பள்ளிக்கூடத்துப் பொம்பளப் புள்ளைங்க டாக்டர் ஆவாங்க, கலெக்டர் ஆவாங்க, அள்ளிக் குடுங்க’ன்னு அங்கன வசூலு. இங்கன கோர்ட்டுல வந்து ‘எங்க புள்ளைங்க ஒரு பைசா சம்பாதிக்காது’ன்னு எழுத்துல குடுக்கீய. இதுல எது நெசம்? சொல்லுங்க பாப்பம்!

— ரெண்டும் பள்ளிக்கூடத்துக்காகத்தான்.

— வெக்கமா இல்ல?

— வெக்கப்பட்டா ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியாது. நீ பெரிய தொகையச் சொல்லிட்டுப் போயிட்ட. ரோட்டுல லாரி அடிச்சுச் செத்தவன் குடும்பத்துக்கே அவ்வளவு தாரதில்ல. டிரஸ்ட்டு கையில என்ன இருக்கு? அந்த நெலமும் கட்டடமும்தான். தீர்ப்பு உன் பக்கம் வந்தா அதை வித்துத்தான் கட்டணும். எழுநூறு புள்ளைங்க எங்கன போகும்? வாழைத்தாரு சுமக்குதவன் மவ, பீடி சுத்துதவ மவ, அதுகள்லாம் நாங்குநேரிக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகுமா? பாதி வீட்டோட நின்னுபோயிரும். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

— அந்தப் பாவத்தை என் தலையில கட்டாதீய. செத்தவனுக்கு ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுட்டு. இவ இருக்காளே காக்கா! இருக்கவளுக்குத்தான் செலவு. செயற்கைக் காலு வாங்கி மாட்டிட்டா அது காலம் பூராவுமா கெடக்கும்? வளர வளர மாத்தணும். வளந்த பொறவு தேஞ்சா மாத்தணும். மழைக்காலத்துல உரசிப் புண்ணாயிருது. ஒரு வாரம் கட்டில விட்டு எறங்க மாட்டா. பாளையங்கோட்டைக்கு நின்னுட்டே போற பஸ்ஸுல அவகூட ஒரு நாள் போயிப் பாருங்க. அதுக்குப் பொறவு தொகை கூடுதலா குறைச்சலான்னு பேசலாம்.

— பள்ளிக்கூடம் என்ன, வேணும்னா செஞ்சுது? விபத்து. அல்லாவோட நாட்டம்.

— அல்லா மேல போடாதீய! வாட்ச்மேன் சங்கிலிபூதத்தானைச் சம்பளம் கூடுதல்னு நிறுத்துனது அல்லாவா? அவரு போன பொறவு எட்டாப்புப் புள்ளைங்களுக்கு முறை வச்சுக் கேட் டூட்டின்னு போட்டது அல்லாவா? ரெண்டு ஆம்பளை சேந்து தள்ளுத இரும்புக் கேட்டு அது. தண்டவாளத்தை விட்டு ஓடிராமத் தடுக்க ஒரு கட்டை இருந்துச்சுல்லா, அது ஒடிஞ்சு கெடக்குன்னு டீச்சர்மாரு வந்து வந்து சொல்லியும் ‘பாப்பம், பாப்பம்’னு இருந்தது யாரு?

— பெரிய லீவுல சரி பண்ணலாம்னு வச்சிருந்தோம்.

— லீவு வரைக்கும் எம்மவ காலு பொறுக்கலையே! அவ ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே புதுக் கேட்டு போட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தீய. அந்தக் கேட்டுக்கு மட்டும் எங்கருந்து காசு வந்துச்சு? அவ திரும்பி வந்தப்பம் ஒம்பதாப்பு மாடியில. கீழ ஒரு ரூம்பு தாங்கன்னு உங்க ஆபீஸ்ல வந்து நின்னேன். ‘ஒரு புள்ளைக்காக வகுப்பை மாத்த முடியாது’ன்னீய. கூடப்பொறந்தவன்னு பாக்காம அன்னைக்குத்தான் கோர்ட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணுனேன்.

— நான் தனி ஆளா என்ன செய்ய? கமிட்டி இருக்கு.

— பேரு வரும்போது நீங்க. பழி வரும்போது கமிட்டி.

— ஏளா, அழாத. கேட்டு சரியில்லைங்கத நான் மறுக்கல. ஆனா புள்ள அதுல தொங்கி ஊஞ்சலாடிருக்கா. அதான் சாஞ்சிருக்கு.

— யாரு பாத்தா?

— எங்க பதில் மனுவுல அப்படித்தான் இருக்கு.

— யாரு பாத்தான்னு கேக்கேன்! மாமா காரு ஹார்ன் கேட்டுது, தள்ளப் போனேன், பொறவு ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு எம்மவ சொல்லுதா. உங்க வெள்ளைக் காரு கருப்புக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு அந்தாக்குல திரும்பிப் பறந்துச்சுன்னு எதுத்த டீக்கடை இசக்கித்தாய் அக்கா சொல்லுதா. புள்ள கேட்டுக்கு அடியில கெடந்து கத்துதா, எறங்கிப் பாக்கல. அப்படிப்பட்ட மனுசன்கூட ஒரே வயித்துல பொறந்தேனேன்னு நான் அழாத நாள் கெடையாது.

— நான் இல்ல!

— பொய்!

— வல்லாஹி, அந்தக் காருல நான் இல்ல தஸ்லிமா. நாங்குநேரியில பீர் மைதீன் மவ நிக்காஹ்ல இருந்தேன். ஜமாத்து ஆளுங்க என்கூட உக்காந்து சாப்பிட்டாவ. நோம்பு வாயோட சத்தியம் பண்ணுதேன். நீ என்ன வேணா சொல்லு, இதை மட்டும் சொல்லாத. கோர்ட்டுலயும் தெருவுலயும் என் மேல நீ போடுத பழி இது. எனக்குத் தூக்கம் போயி எத்தனை நாளாச்சு தெரியுமா?

— நோம்பு வாயில பொய்ச் சத்தியம் வேறயா? உங்க தூக்கம் போனா எனக்கென்ன? எம்மவ தூங்குதாளா? இல்லாத பாதம் அரிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்து அழுதா. சொறிஞ்சு விட அங்கன என்ன இருக்கு?

— சரி. நீ பேசுதத எல்லாம் பேசிட்ட. இப்பம் நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு. கோர்ட்டு தார காசு புள்ளைக்கு ஒரு வாழ்க்கையத் தருமா? உங்க மனுவுல ஒரு வரி இருக்குல்லா? கல்யாண வாய்ப்பு போனதுக்குன்னு தனியா ஒரு தொகை.

— வன்னியராஜ் வக்கீல்தான் போட்டாரு. பொம்பளப் புள்ளைன்னா அப்படிப் போடுதது வழக்கமாம்.

— அவரு போட்டது சரிதான். ரெண்டாந்தாரமாக் கேட்டு ஒருத்தன் வந்தானாமே.

— யாரு சொன்னா உங்களுக்கு?

— ஊரு சின்னது. நாலு புள்ளைய வச்சுட்டு பொஞ்சாதி மவுத்தானவன். வயசு நம்ம அலி அஸ்கர் மச்சான் வயசு. நீ வெளக்குமாத்த எடுத்தியாம்.

— எடுத்தேன். இன்னொரு தடவ வந்தாலும் எடுப்பேன்.

— எத்தனை பேருக்கு எடுப்ப? வார ஆளெல்லாம் இப்படித்தானே வருவான்? மாப்ள கெடைக்க மாட்டான்னு நீ கோர்ட்டுல காசு கேக்குத. நான் மாப்ளையவே தாரேன்.

— என்னது?

— அஃப்சலுக்கு அஸீலாவ எடுத்துக்கிடுதேன்.

— காக்கா, என்ன பேசுதீய?

— எம்மவனுக்கு உம்மவ. முறைதானே? அவனுக்குத் துபாய்ல வேலை ஆயிட்டு, பெருநாள் கழிஞ்சு போறான். அதுக்கு முன்னால நிக்காஹ முடிச்சிருவோம். பொண்ணுக்கு நாங்க தார மஹர் நீ சொல்லுததுதான். ஒரு குண்டுமணி நகை வேண்டாம். அவளுக்குக் காலு எத்தனை தடவ மாத்தணுமோ நான் மாத்துதேன். என் வீட்டுக்குள்ள வந்துட்டா அவ செலவு என் செலவு. பொறவு யாரு யாருக்கு நஷ்டஈடு குடுக்க? கேசுக்கே சோலி இல்லையே.

— அஃப்சலு சம்மதிச்சானா?

— சம்மதிக்காமயா வருவேன்? ‘அவளுக்கு நான் செய்யாம யாரு வாப்பா செய்வா’ன்னுட்டான்.

— சின்னதுல ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டதுதான். அவன் கைய விட்டு எறங்க மாட்டா.

— நம்ம உம்மாவும் மவுத்தாகுததுக்கு முன்னால இதைத்தானே சொன்னா?

— எனக்கு ஒண்ணும் ஓடல காக்கா. இவ்வளவு நேரமா உங்களை வாய்க்கு வந்தபடி ஏசிட்டு... எம்மவள ஒருத்தன் முழு மனசாக் கேட்டு வருவான்னு நான் நெனச்சதே இல்ல. வெளிய வீம்பாத்தான் பேசுதேன். உள்ளுக்குள்ள எந்நேரமும் அந்தப் பயம்தான், எனக்குப் பொறவு இவள யாரு பாப்பான்னு.

— நாங்க இருக்கோம்லா? கூப்புடு புள்ளைய. நோம்பு தொறக்கதுக்குள்ள ஒரு கையெழுத்தப் போட்டுட்டா, இன்னைக்குக் கஞ்சிய உன் வீட்டுலயே குடிச்சுட்டுப் போறேன்.

— அஸீலா! ஏட்டி அஸீலா! இங்கன வா. மாமா கூப்புடுதாவ.

— கூப்புட வேண்டாம் உம்மா. கதவுக்குப் பின்னாலதான் நிக்கேன். எல்லாத்தையும் கேட்டேன்.

— வா மருமவளே. பைய வா, பைய. இந்தா, இங்கன உக்காரு.

— நிக்கேன் மாமா. நிக்க முடியும்.

— கேட்டேன்னு சொல்லுதியே, உனக்கு என்னட்டி தோணுது? வெக்கப்படாமச் சொல்லு.

— மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும். கேசு முடியணும்னா வேற எத்தனையோ வழி இருக்கு. நான் கூண்டுல ஏறப் போறேன்னு தெரிஞ்ச ஒடனே எதுக்கு மாமா அஃப்சல் மச்சான் பேரை எடுத்துட்டு வாரீய?

— அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? நல்ல காரியம் பேசும்போது கோர்ட்டை எதுக்கு இழுக்குத?

— ஆஸ்பத்திரியில மாமி என் தலமாட்டுல உக்காந்து, கையப் புடிச்சுக் கெஞ்சுனாவளே, ஞாபகம் இருக்கா?

— மருமவளே, பேசாம இரு.

— ஞாபகம் இருக்கும் மாமா. நீங்க அப்பம் வாசல்ல நின்னு யாரும் வாராவளான்னு பாத்துட்டு இருந்தீய.

— என்னட்டி சொல்லுத? மாமி என்னத்தக் கெஞ்சுனா?

— தஸ்லிமா, அது மருந்து மயக்கத்துல புள்ள என்னத்தையோ நெனச்சுக்கிட்டு...

— மயக்கம் இல்ல. காலு இல்லைன்னு எனக்கு அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. மாமி அழுதாவ, நானும் அழுதேன். ‘நீ வாயத் தொறந்தா ஒரு உசுரு ஜெயிலுக்குப் போயிரும் மவளே, உன்னைய நாங்க கைவிட மாட்டோம்’னாவ. தலையாட்டுனேன். மாமி கேட்டா நான் எதுக்குத்தான் தலையாட்ட மாட்டேன்? அவ்வளவு பிரியம். நான் ஊஞ்சலாடுனேன்னு நீங்க எழுதிக் குடுத்தப்பவும் வாயத் தொறக்கல. காலு இருந்தாலும் இவ வீட்டுலதானே கெடப்பான்னு உங்க வக்கீல் கேட்டாருன்னு உம்மா வந்து விழுந்து அழுதா, அப்பவும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். இன்னைக்கு எனக்கு விலைன்னு எதைக் கொண்டாந்து வைக்கீய மாமா? இதுக்கு மேலயும் நான் ஊமையா இருக்கணுமா?

— அஸீலா, உன் காலப் புடிச்சுக் கேக்கேன், வேண்டாம்.

— எந்தக் கால மாமா?

— யா அல்லாஹ்! யாராவது எனக்குப் புரியுத மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்! காக்கா, எதுக்குப் பையை எடுத்துட்டு எந்திரிக்கீய?

— உம்மா, மாமா பொய்ச் சத்தியம் பண்ணல. அந்தக் காருல மாமா இல்ல.

— அப்பம் யாருட்டி ஓட்டிட்டு வந்தா?

— ஹார்ன் அடிச்சது அஃப்சல். நான் தள்ளி முடிக்கதுக்குள்ள பொறுக்காம, காரக் கொண்டு இடிச்சு அந்தக் கேட்டை என் மேல சாச்சதும் அஃப்சல். மாமாவுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம குடும்பத்துல உனக்கு மட்டுந்தான் உம்மா தெரியாது.